அந்த இடத்தில் சியா, எஸ்ஸா?

மூன்று வருடங்களுக்கு முன்பு, பொங்கல் விடுமுறை முடிந்து வந்த திங்கட்கிழமை. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில், காலை பத்து மணிக்கு என் தலையில் ஒரு பழி விழுந்தது. மறுநாள் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே அது இறங்கியும் விட்டது. ஆனாலும் அந்த ஒரு நாளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முதலில் கோபம் வரும், பிறகுதான் சிரிப்பு வரும்.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். டாக்குமென்ட் கன்ட்ரோலர் என்று பெயர். பெயரில்தான் கன்ட்ரோல் எல்லாம். எங்கள் தொழிற்சாலையில் பெரிய குழாய்களை இணைக்கும் இரும்பு வளையங்களைக் கடைந்து, துளை போட்டுத் தருகிறார்கள். எந்த அளவில் கடைவது, எங்கே துளை போடுவது என்பதெல்லாம் வாடிக்கையாளர் அனுப்பும் டிராயிங்கில் இருக்கும். அதை அச்செடுத்து, எண் போட்டு, கீழே மெஷின் ஷாப்பில் கொடுத்துக் கையெழுத்து வாங்குவது என் பொறுப்பு. வாடிக்கையாளர் டிராயிங்கை மாற்றினால், புதியதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, பழையதன் மூலையில் சிவப்பு மையில் ஒரு சீல் குத்துவேன். அதில் 'சூப்பர்சீடட்' என்று இங்கிலீஷில் இருக்கும். இதற்குப் பதில் புதிது வந்துவிட்டது, இது இனி செல்லாது என்று அர்த்தம். சீலுக்குக் கீழே தேதி எழுதிக் கையெழுத்துப் போடுவேன். அந்தச் சீல் விழுந்த காகிதத்தைப் பார்த்து யாரும் இரும்பைத் தொடக் கூடாது.

எனக்கு ஊர் பழவேற்காடு பக்கம் ஒரு மீனவக் குப்பம். கணவர் ஏரியில் இறாலும் நண்டும் பிடிப்பவர். நான் பள்ளிக்கூடம் முழுக்கத் தமிழ் மீடியம், பட்டம் அஞ்சல் வழியில் வாங்கியது. கம்பெனியில் அப்போது ஒப்பந்த ஊழியர். மாசி மாதத்தோடு மூன்று வருடம் முடியும், முடிந்ததும் நிரந்தர வேலைக்கான லெட்டர் தருகிறோம் என்று சொல்லியிருந்தார்கள். எங்கள் குப்பத்தில் ஒரு பெண்ணுக்குக் கம்பெனியில் நிரந்தர வேலை என்பது அதுவரை நடந்ததே இல்லை. அந்த லெட்டருக்காக நான் நாள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

வேலையில் எனக்குப் பயம் கிடையாது. இங்கிலீஷ்தான் பயம். பேசச் சொன்னால் எப்படியோ சமாளித்துவிடுவேன். எழுத உட்கார்ந்தால் கை வியர்க்கும்.

அதற்கு முந்தைய வெயில் காலத்தில் ஒரு நாள், புதிய டிராயிங் ஒன்று வந்தது. பெற்றுக்கொண்டோம், வேலையைத் தொடரலாம் என்று எல்லாருக்கும் ஒரு மெயில் போட்டேன். ரிசீவ் என்ற சொல்லில் ஐயையும் இயையும் இடம் மாற்றி எழுதிவிட்டேன். அதுகூடப் பரவாயில்லை. ப்ரொசீட் என்று எழுத வேண்டிய இடத்தில் ப்ரிசீட் என்று எழுதியிருந்தேன். தொடருங்கள் என்று சொல்லப்போக, முந்திப் போங்கள் என்று ஆகிவிட்டது.

மெஷின் ஷாப் இன்சார்ஜ் ஆரணிப் பக்கத்துக்காரர், ஐம்பதை நெருங்குபவர். இரும்பைத் தடவிப் பார்த்தே அளவு சொல்லிவிடுவார். அவர் வாய்க்குத்தான் அளவே கிடையாது. அன்று கேன்டீனில் தட்டை ஏந்திக்கொண்டு எல்லாரும் வரிசையில் நிற்கும்போது, போனைப் பார்த்து என் மெயிலைச் சத்தமாகப் படித்தார்.

"மேடம் நம்மள முந்திப் போவ சொல்லிக்கீறாங்கப்பா. யாருக்கு முந்தின்னு போடல. இன்னா மேடம், சாம்பாருக்கு முந்திப் போவலாமா?"

மொத்தக் கேன்டீனும் சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன், வேறு என்ன செய்வது? அன்றிலிருந்து எனக்கு 'ப்ரிசீட் மேடம்' என்று பட்டப்பெயர். லோடு ஏற்ற வருகிறவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். பாத்ரூமுக்குப் போய் அழுதேன். எனக்கு அழுகை ஐந்து நிமிடம்தான் இருக்கும், கோபம் ஐந்து மாதம் இருக்கும். முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வரும்போதே முடிவு செய்துவிட்டேன், இனி ஒரு எழுத்து என்னிடம் தப்பக் கூடாது என்று.

போனில் தேடினேன். இங்கிலீஷ்காரர்களே தப்பாக எழுதும் வினைச்சொற்கள் என்று ஒரு பட்டியல் கிடைத்தது. அவர்களே தப்பாக எழுதுகிறார்கள் என்று படித்தபோது எனக்குக் கிடைத்த நிம்மதி இருக்கிறதே, சொல்லி முடியாது. நாற்பது சொற்களுக்கு மேல் இருந்தன. முக்கால்வாசி லத்தீன் என்ற பழைய மொழியிலிருந்து வந்தவையாம். எனக்கும் லத்தீனுக்கும் என்ன உறவு? ஆனாலும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன். வீட்டிலிருந்து பொன்னேரி வரைக்கும் பஸ், அங்கிருந்து கும்மிடிப்பூண்டிக்கு ரயில். கவரைப்பேட்டை வருவதற்குள் ஐந்து சொல் மனப்பாடம் ஆக வேண்டும் என்பது எனக்கு நானே போட்டுக்கொண்ட கணக்கு.

வெறும் எழுத்தாகப் படித்தபோது ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. சொல்லைப் பிரித்து அர்த்தம் பார்க்க ஆரம்பித்த பிறகுதான் ஏறியது. அக்காமடேட் என்றால் இடம் கொடுப்பது. அதில் இரண்டு சிக்கும் இரண்டு எம்முக்கும் இடம் கொடுக்க வேண்டும். செபரேட் என்பதன் நடுவில் நமக்கு இ போலக் கேட்பது உண்மையில் ஏ. ப்ரொசீட், ப்ரிசீட், ரிசீட், எக்சீட் நான்கும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். கடைசியில் வரும் 'சீட்' என்பது, போவதைக் குறிக்கும் லத்தீன் சொல். முன்னோக்கிப் போவது, முந்திப் போவது, பின்வாங்கிப் போவது, எல்லை தாண்டிப் போவது. என்னைக் கேன்டீனில் அவமானப்படுத்திய இரண்டு சொற்களும் அண்ணன் தம்பி என்று தெரிந்ததும், அவற்றின் மேல் இருந்த கோபம் கொஞ்சம் குறைந்தது.

இந்தச் 'சீட்' குடும்பம் முழுவதற்கும் சி எழுத்துதான். ஒரே ஒரு சொல்லுக்கு மட்டும் எஸ் என்று கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள். சூப்பர்சீட். அதில் வரும் சீட் வேறு குடும்பம், உட்காருவதைக் குறிக்கும் லத்தீன் சொல்லாம். சூப்பர்சீட் என்றால் மேலே ஏறி உட்காருவது. எனக்குச் சட்டென்று புரிந்தது. புது டிராயிங் வந்து பழைய டிராயிங்கின் மேல் ஏறி உட்காருகிறது. பஸ்ஸில் துண்டு போட்டுப் பிடிக்கிறோமே, அந்த சீட்டுக்கும் முதல் எழுத்து எஸ்தானே? போகிற சீட்டுக்கு சி, உட்காருகிற சீட்டுக்கு எஸ். நோட்டில் பெரிதாக எழுதி வட்டம் போட்டேன். அன்று ரயிலில் எனக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை, நின்றுகொண்டேதான் இதையெல்லாம் படித்தேன்.

ஆபீசுக்கு வந்து மேசை டிராயரைத் திறந்தேன். சீலை எடுத்துப் பார்த்தேன். ஆறாவது எழுத்து சி.

எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் காலத்துச் சீல் அது. நான் வந்த பிறகு என் கையாலேயே எத்தனை டிராயிங்கில் குத்தியிருப்பேன்! எல்லாவற்றிலும் தப்பு, அதுவும் சிவப்பு மையில். வாடிக்கையாளர்கள் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள், தணிக்கைக்கு வந்தவர்கள் பார்த்திருக்கிறார்கள், ஒருவர் கண்ணிலும் படவில்லை. படித்ததை மறந்து, மறந்ததைத் திரும்பப் படித்து நான் இந்தச் சொல்லுக்கு வந்து சேர்வதற்குள் தீபாவளி முடிந்து, கார்த்திகை மாதம் ஆகியிருந்தது.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்த யோசனை கள்ள யோசனைதான். நைசாகப் புது சீல் செய்து டிராயரில் வைத்துக்கொண்டு, பழையதைக் குப்பையில் போட்டுவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? தெரிந்தால்தான் வம்பு. ப்ரிசீட் மேடத்துக்கு இன்னொரு பட்டம் சேர்ந்துவிடும். ஆனால் எங்கள் கம்பெனியில் சீல்களுக்கென்று ஒரு ரிஜிஸ்டர் உண்டு. எந்தச் சீலைப் புதிதாகக் கொண்டுவந்தாலும் அதில் ஒரு முறை குத்திக் காட்டி, பழையது ஏன் போகிறது என்று காரணம் எழுதி, குவாலிட்டி மேனேஜரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். இரண்டு நாள் திண்டாடினேன். மூன்றாம் நாள், வருவது வரட்டும் என்று அவர் முன்னால் போய் நின்றேன்.

குவாலிட்டி மேனேஜர் திருவள்ளூரிலிருந்து வருபவர். வீட்டில் அப்பா, அண்ணன் எல்லாம் கோயில் கைங்கரியம். இவர் மட்டும் மைக்ரோமீட்டரைப் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்துவிட்டார். அதிகம் பேச மாட்டார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "ஒரே ஒரு எழுத்துக்காம்மா?" என்றார். ஆமாம் சார் என்றேன். "சரி, முறைன்னா முறைதான். போய்ப் புதுசு பண்ணிண்டு வா" என்றார்.

கும்மிடிப்பூண்டி பஜாரில் சீல் செய்யும் கடைக்காரரிடம் போனால், அவர் என்னோடு சண்டைக்கே வந்துவிட்டார்.

"இன்னா மேடம், எஸ்ஸா? இந்தப் பேட்டைல அத்தினி கம்பெனிக்கும் நான் சி போட்டுத்தான் குட்த்துக்கினு கீறேன். ஒர்த்தரும் இன்னா ஏதுன்னு கேட்டதில்ல."

"நான் கேக்குறேன்ணே. எஸ் போடுங்க."

"அப்பால தப்பாப்பூச்சின்னு திருப்பிக்கினு வரக் கூடாது, சொல்ட்டேன்." பில்லில் 'கஸ்டமர் சொன்னபடி' என்று எழுதி, என்னிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்ட பிறகுதான் வேலையைத் தொட்டார்.

புதிய சீல் வந்ததும் ரிஜிஸ்டரில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் குத்தினேன். காரணம் என்ற இடத்தில், எழுத்துப் பிழை என்று என் கையாலேயே எழுதினேன். எழுதும்போது காது சூடானது. குவாலிட்டி மேனேஜர் பிளேடு எடுத்துப் பழைய சீலின் ரப்பரை உரித்து, மூன்று துண்டாக அறுத்து, அதையும் அதே பக்கத்தில் டேப் போட்டு ஒட்டி, தேதியோடு கையெழுத்துப் போட்டார். பழைய டிராயிங்குகளில் எல்லாம் திருத்திவிடட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம். பழசு பழசாவே இருக்கட்டும்" என்றுவிட்டார்.

இப்போது அந்தத் திங்கட்கிழமைக்கு வருகிறேன்.

பொங்கலுக்கு நான்கு நாள் மூடியதால் அனுப்ப வேண்டிய சரக்கு தேங்கியிருந்தது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் மெஷின் ஷாப்பை ஓட்டி, இருநூறு வளையங்களைக் கடைந்து தள்ளிவிட்டார் இன்சார்ஜ். திங்கள் காலை அளவு பார்த்தபோது, அத்தனையிலும் துளை பெரிதாக இருந்தது. ஆவணி மாதமே வாடிக்கையாளர் அந்தத் துளையைச் சிறிதாக்கிப் புது டிராயிங் அனுப்பியிருந்தார். சின்னத் துளையைப் பெரிதாக்கலாம், பெரிய துளையைச் சின்னதாக்க முடியாது. இருநூறும் பழைய இரும்புக்குத்தான் போக வேண்டும்.

எனக்குப் போன் வந்தது. கீழே ஓடினேன். மெஷினுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் உறையில் மாட்டியிருந்தது பழைய டிராயிங். அதைப் பார்த்ததும் எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. ஆவணியில் நான் புதியதைக் கொடுத்துப் பழையதைத் திருப்பிக் கேட்டபோது இன்சார்ஜ் தரவில்லை. அந்தக் காகிதத்தில் மெஷின் செட்டிங்கைப் பற்றித் தன் கையால் குறிப்பு எழுதி வைத்திருப்பதாகவும், பார்வைக்கு மட்டும் வைத்துக்கொள்வதாகவும் சொன்னார். சீல் குத்தியிருந்தால் அப்படி வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. அங்கேயே, அவர் மேசை மேலேயே வைத்துச் சீல் குத்தி, தேதி போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

உறையிலிருந்து எடுத்துப் பிரித்தேன். சீல் இருந்தது, தேதி இருந்தது, என் கையெழுத்தும் இருந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டேன். அதை எடுத்துக்கொண்டு மேலே போய், புதியதைக் கொடுத்த தேதியை என் டிராயிங் ரிஜிஸ்டரில் சரிபார்த்துவிட்டு அரை மணி நேரத்தில் திரும்பி வந்தேன். நான் செய்த முட்டாள்தனம் அதுதான். காகிதத்தை அங்கேயே நாலு பேருக்குக் காட்டிவிட்டு எடுத்துப்போயிருக்க வேண்டும்.

எல்லாரும் கூடி நின்றார்கள். இன்சார்ஜ் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"என்கிட்ட கீறப்போ இதுல சீலே இல்ல. ரெண்டு நாளா என் கண்ணு முன்னாலதான் தொங்கிக்கினு இருந்துச்சு. மேல எத்துக்கினு போய் இப்போ குத்திக்கினு வந்துக்கீறியாம்மா?"

நான் மேலே போன அரை மணி நேரத்துக்கு எனக்குச் சாட்சி யாரும் இல்லை. தேதி என் கையால் எழுதியது. முன்தேதி போடுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? கூடி நின்றவர்கள் என்னைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது, யார் பக்கம் சாய்கிறார்கள் என்று. இருபது வருடம் இரும்போடு இருந்த மனிதர் ஒரு பக்கம், மெயில்கூட ஒழுங்காக எழுதத் தெரியாத ஒப்பந்தக்காரி ஒரு பக்கம்.

மறுநாள் பதினொரு மணிக்குத் தொழிற்சாலைத் தலைவர் முன்னிலையில் விசாரணை என்று சொன்னார்கள். முன்தேதி போட்டது உண்மை என்றால் மாசியில் லெட்டர் கிடையாது, ஒப்பந்தமும் அதோடு சரி என்று பர்சனல் பிரிவில் சொல்லி அனுப்பினார்கள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது கணவர் வலையிலிருந்து நண்டு பிரித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "லெட்டரு வரலன்னா வராம போவட்டும். இதுக்குப் போயி பேஜாராவுறியே. நண்டு கீது, எறா கீது. சோத்துக்கு இன்னா கொறைச்சல்?" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார் என்று இப்போது தெரிகிறது. அப்போது வந்த ஆத்திரத்தில் மறுநாள் காலை பஸ் ஏறும் வரைக்கும் நான் அவரோடு பேசவில்லை.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணி. மேசைக்கு அந்தப் பக்கம் தொழிற்சாலைத் தலைவர், அவருக்குப் பக்கத்தில் குவாலிட்டி மேனேஜர். இந்தப் பக்கம் நானும் இன்சார்ஜும். நடுவில் அந்த டிராயிங், தலைவரைப் பார்த்தபடி விரித்து வைக்கப்பட்டிருந்தது.

இன்சார்ஜ் தெளிவாகப் பேசினார். புது டிராயிங் வாங்கியது உண்மை, கையெழுத்துப் போட்டதும் உண்மை. ஆனால் பழையதில் சீல் குத்தாமல் விட்டுவிட்டார்கள், இரண்டும் அலமாரியில் கிடந்தால் எது செல்லும், எது செல்லாது என்று எப்படித் தெரியும் என்று கேட்டார். என் முறை வந்தபோது, "ஆவணியிலயே குத்திட்டேன் சார்" என்றேன். தலைவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இப்ப நான் யாரை நம்பறது? ரெண்டு பேருக்கும் சாட்சி இல்லையே" என்றார்.

தலையைக் குனிந்துகொண்டேன். கண்ணில் நீர் முட்டியது. அது விழுந்துவிடக் கூடாது என்பதற்காக, எதிரே கிடந்த சிவப்புச் சீலையே உற்றுப் பார்த்தேன். தலைகீழாக இருந்தது. எட்டு மாதப் பழக்கம், எந்த இங்கிலீஷ் சொல்லைப் பார்த்தாலும் மனசு எழுத்துக் கூட்ட ஆரம்பித்துவிடும். எஸ், யூ, பி, இ, ஆர்...

சி.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள், அழுது அழுது பெண்ணுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

"சார், அந்தச் சீல்ல இருக்கறத ஒவ்வொரு எழுத்தாப் படிங்க சார்."

தலைவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். "சூப்பர்சீடட். சரியாத்தானே இருக்கு?"

"தப்பா இருக்கு சார். அதான் சார் விஷயமே!"

"ஐய, இங்கிலீஷ் கிளாஸ் ஆரம்பிச்சிட்டாங்க சார்" என்றார் இன்சார்ஜ். நான் அவர் பக்கம் திரும்பவே இல்லை. எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை அந்தத் தெம்பு. போகிற சீட்டுக்கு சி, உட்காருகிற சீட்டுக்கு எஸ், இது புதுசு வந்து பழசு மேல ஏறி உட்காருவது, அதனால ஆறாவது எழுத்து எஸ்தான் வரணும் என்று மடமடவென்று சொன்னேன். தலைவர் நம்பவில்லை. போனை எடுத்துத் தட்டிப் பார்த்தார். புருவம் ஏறியது. இன்னொரு முறை தட்டிப் பார்த்தார்.

"நான் இத்தனை வருஷமா சி போட்டுத்தானேம்மா எழுதிட்டிருக்கேன்!"

"எல்லாரும் அப்படித்தான் சார் எழுதறாங்க. நம்ம சீலும் கார்த்திகை வரைக்கும் அப்படித்தான் சார் இருந்துது. அப்புறம் மாத்திட்டேன். நேத்து நான் குத்தியிருந்தா இதுல எஸ் இருக்கணும் சார்."

நான் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை, எழுந்து என் இடத்துக்கு ஓடினேன். சீலையும் சீல் ரிஜிஸ்டரையும் அள்ளிக்கொண்டு வந்தேன். ஒரு வெள்ளைத் தாளில் டக்கென்று குத்தித் தலைவர் முன்னால் நீட்டினேன். எஸ். ரிஜிஸ்டரைத் திறந்து கார்த்திகைப் பக்கத்தைக் காட்டினேன். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சீல், ஒன்றில் சி, இன்னொன்றில் எஸ். கீழே என் கையெழுத்தில், காரணம்: எழுத்துப் பிழை.

இன்சார்ஜ் விடுவதாக இல்லை. "பழைய சீலை எங்கனாச்சும் வெச்சிக்கினு இருந்துருப்பாங்க சார்" என்றார்.

அதுவரை வாயே திறக்காத குவாலிட்டி மேனேஜர் அப்போதுதான் பேசினார். "இருக்க முடியாது. அந்த ரப்பரை நான்தான் அறுத்தேன்" என்று டேப்பைத் தொட்டுக் காட்டினார். உள்ளே மூன்று சிவப்புத் துண்டு. பக்கத்தில் அவருடைய கையெழுத்தும் தேதியும். "ஒரு எழுத்துக்கு இவ்வளவு அமர்க்களமான்னு நானே நெனைச்சேன். நல்லவேளை பண்ணினே" என்றார் என்னிடம்.

இன்சார்ஜ் டிராயிங்கைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார். அதில் மடித்த தடம் இருந்தது. அந்தத் தடத்திலேயே மெதுவாக மடித்தார். அவர் கையால் எழுதிய குறிப்பு முன்பக்கம் வந்தது. சீல் இருந்த மூலை பின்னால் போய் மறைந்தது. அப்படியே பிளாஸ்டிக் உறையில் செருகினால் இரண்டு நாள் என்ன, இரண்டு வருடம் கண் முன்னால் தொங்கினாலும் சீல் தெரியாது. அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"நான்தான் சார் மட்ச்சி வெச்சேன். பின்னால திருப்பிப் பாக்கவே இல்ல. தப்பு என்னுது சார்" என்றார். பிறகு என்னிடம், "மன்சுல வெச்சிக்காதம்மா" என்றார்.

இந்த இடத்தில் நான் பெருந்தன்மையாக, பரவாயில்லை சார் என்று சொன்னதாக எழுத ஆசைதான். எனக்கு அப்போது பெருந்தன்மை எல்லாம் வரவில்லை. உள்ளுக்குள் தாரை தப்பட்டை அடித்துக்கொண்டிருந்தது. தலைவரைப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தும் கேட்கிற மாதிரி, "அப்ப ப்ரொசீட் பண்ணலாமா சார்?" என்று கேட்டேன். முதலில் சிரித்தது இன்சார்ஜ்தான். அப்புறம் எல்லாரும் சிரித்தோம்.

சிரித்து முடித்ததும், என் பங்குத் தப்பையும் சொன்னேன். அனுமதி இருக்கிறது என்பதற்காகச் செல்லாத காகிதத்தை மெஷின் ஷாப்பில் விட்டு வந்திருக்கக் கூடாது. குறிப்பு வேண்டுமென்றால் புதியதில் எழுதிக்கொள்ளச் சொல்லியிருக்க வேண்டும். தலைவர் அன்றே அந்த அனுமதியை நிறுத்தினார். இப்போது புதியதைக் கொடுக்கும்போதே பழையதைக் கையோடு வாங்கிவந்துவிடுகிறேன், இன்சார்ஜே கூப்பிட்டுக் கொடுத்துவிடுகிறார். ப்ரிசீட் மேடம் என்ற பெயர் மட்டும் போகவில்லை. ஆனால் வாடிக்கையாளருக்கு மெயில் போடுவதற்கு முன்னால், "மேடம், நடந்துச்சுன்னு சொல்ற அக்கர்டுக்கு ஒரு ஆரா, ரெண்டு ஆரா?" என்று அவரே மேலே ஏறி வந்து கேட்டுவிட்டுப் போகிறார். பஜாரில் சீல் கடைக்காரர் ஒரு நாள் என்னைப் பார்த்துவிட்டு, "இன்னா மேடம் பண்ணி வெச்சிக்கீறீங்க? நாலு கம்பெனிக்காரங்க வந்து எஸ் போட்டு மாத்திக் குடுன்னு நிக்கிறாங்க" என்று அலுத்துக்கொண்டார். வியாபாரம் ஆன சந்தோஷம் முகத்தில் தெரிந்தது.

மாசியில் லெட்டர் வந்தது. வாங்கிப் படித்தேன். இரண்டாவது வரியிலேயே ரிசீவில் ஐயும் இயும் இடம் மாறியிருந்தது. பர்சனல் பிரிவுக்குப் போய்த் திருத்தித் தரச் சொன்னேன். அவர்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். திருத்தி வர இரண்டு நாள் ஆனது. வீட்டில் சொன்னபோது கணவர் தலையில் அடித்துக்கொண்டார், "கைக்கு வந்த லெட்டர யாராச்சும் திருப்பிக் குட்த்துட்டு வருவாங்களா?" என்று. அப்புறம் திருத்திய லெட்டரை அவரே குப்பம் முழுக்கக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்தார்.

எல்லாரும் என் இங்கிலீஷ்தான் என்னைக் காப்பாற்றியது என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சரியான எழுத்தைக் கற்றுக்கொண்டு, பழைய சீலை யாருக்கும் தெரியாமல் குப்பையில் போட்டிருந்தால், அந்தச் செவ்வாய்க்கிழமை என் கையில் ஒன்றும் இருந்திருக்காது. காது சூடாக உட்கார்ந்து நான் எழுதிய அந்த 'எழுத்துப் பிழை'தான் எனக்காகப் பேசியது. இப்போதும் எனக்குத் தப்பு வரத்தான் செய்கிறது, ஆனால் ஒன்றைக் கண்டுபிடித்தால் முதலில் தேதி போட்டு எழுதிவிட்டு, அப்புறம்தான் வெட்கப்படுகிறேன்.